ஏழாம் எண் மாணவி

பத்துக் கணினி வந்தது.
ஒன்று வரும்போதே ஊமை.
மீதி ஒன்பதுக்கு
முப்பத்தாறு பிள்ளைகள்.
கணக்கு டீச்சர் நான்,
விரல் விடாமல் சொல்வேன்:
ஒரு மவுஸுக்கு நாலு கை.

தூசிக்குப் பயந்து
சன்னலையெல்லாம் சாத்திய அறை.
ஏழாம் எண் மேசையில்
பெருமாயி, சஃபீனா, நிதர்சனா.
ஸ்டூல் மூன்றுதான் என்பதால்
தூணில் சாய்ந்தபடி
இன்பவள்ளி.

பெயர் கேட்ட கட்டத்துக்குள்
நாலு பெயரும் நுழையவில்லை.
7 என்று அடித்துவிட்டார்கள்.
அன்றிலிருந்து என் வகுப்பில்
பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருத்தி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
அவளைப் பற்றி அறிக்கை வரும்.
உசிலம்பட்டியில் பஸ் ஏறி
செக்கானூரணி தாண்டுவதற்குள்
போனில் வாசித்து முடிப்பேன்.

ஏழாம் எண் மாணவி
முக்கோணத்தில் கெட்டி.
பின்னத்தில் தடுமாறுகிறார்.
நாலாம் கேள்வியில் பதினோரு நிமிடம்
எதையும் தொடாமல் இருந்தார்.
கவனம் சிதறுகிறது.
பெற்றோரைத் தொடர்புகொள்ளவும்.

எந்தப் பெற்றோரை?
விடியுமுன் மில் வேனில் ஏறிப் போகிறவரையா,
ஆண்டிபட்டிக் கணவாயில் லாரி ஏற்றுகிறவரையா,
சந்தைக்குப் பின்னால்
பழைய இரும்பு எடைபோடுகிறவரையா,
கையெழுத்துக் கேட்டால்
சிரித்துவிட்டுப் போகிறவரையா?

அந்தப் பதினோரு நிமிடம்
எனக்குத் தெரியும்.
பின்னால்தான் நின்றிருந்தேன்.

"ஏ, அத இழுக்காத, கோணம் கூடிரும்."
"கூடட்டும்டி, அந்தப் பக்கம் கொறையும்ல."
முனையைப் பிடித்து இழுத்தாள் ஒருத்தி.
முக்கோணம் ஒட்டகமாய்ச் சரிந்தது.
திரையின் ஓரம் மட்டும் இழுத்தும்
கீழே இருந்த எண் அசையவில்லை:
நூற்றெண்பது.

"பொய் சொல்லுதுடி" என்றது தூண்.

ரஃப் நோட்டில் ஒரு தாள் கிழிந்தது.
கோணல்மாணலாய் ஒரு முக்கோணம்.
மூன்று மூலையையும் கிள்ளியெடுத்து
மேசை விளிம்போடு சேர்த்து வைத்தார்கள்.
நகத்தால் தடவிப் பார்த்தார்கள்.
இடுக்கு இல்லை. நேர்கோடு.
அதற்குள் திரை
தூங்கிப் போயிருந்தது.

சிவராத்திரிக்கு மறுநாள்
பெருமாயியும் நிதர்சனாவும்
பாப்பாபட்டிக் கோயிலிலிருந்து திரும்பவில்லை.
சஃபீனா கம்பத்தில், அக்காவுக்கு நிக்காஹ்.
இன்பவள்ளி முதன்முதலாக
ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
சூடான டம்ளரைத் தொடுவதுபோல
ரெண்டு தடவை மவுஸைத் தொட்டு விட்டாள்.

இன்றைக்கு வெளுத்து வாங்கப் போகிறாள்
என்று நினைத்தேன்.
டீச்சர்களுக்கு அப்படிக் கதைகள் பிடிக்கும்.

இருபதுக்கு ஆறு.

ஒவ்வொரு கேள்விக்கும்
இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
சந்தேகப்பட அவளுக்கு
யாராவது சொன்ன ஒரு பதில் வேண்டும்.
சொல்ல ஆளில்லை.

அந்த வார அறிக்கை:
கவனம் மிகச் சிறப்பு. சிதறல் இல்லை.
அடிப்படை போதாது.
எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கவும்.

அடுத்த மாதம் பொதுத்தேர்வு.
பெஞ்சுக்கு ஒருத்தி, ஆளுக்கொரு பதிவெண்.
திரும்பிப் பார்த்தால்
பறக்கும் படை.
எனக்கும் தெரியாமல் இல்லை.

அதனால் திங்கட்கிழமை
மற்றவர்களை வராந்தாவில் விட்டு
நாலு பேரையும் நாலு மூலைக்கு அனுப்பினேன்.
பேசினால் வெளியே, என்றேன்.
என் குரல்தான்.
அறையில் அவ்வளவு ஒழுங்கை
நான் கண்டதில்லை. பிடிக்கவுமில்லை.

கால்மணி ஆகியிருக்கும்,
கரண்ட் போனது.
யூபிஎஸ் கூவிக் கூவி அடங்கியது.
ஒன்பது திரையும் அவிந்த இருட்டில்
சிமெண்ட் தரையில்
ஸ்டூல் இழுபடும் சத்தம்.
ஒன்று.
பிறகு ஒன்று.
நான் எதையும் கேட்கவில்லை.

விளக்கு வந்தபோது
ஏழாம் எண் மேசையில்
மூன்று ஸ்டூல், ஒரு தூண்.
"மொதல்ல இருந்து வாடி" என்று
யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.